பிரிவதற்கு ஒரு ஆள்

இரண்டாவது முறையும் இல்லை என்றுதான் வந்தது.

தத்துக் கொடுக்கும் குழந்தை இணைப்பகத்தின் திருச்சி அலுவலகத்தில் ஜெசிந்தா தன் மேசைத் திரையை அவர்கள் பக்கம் திருப்பாமலே பேச ஆரம்பித்தபோதே இளம்பரிதிக்குப் புரிந்துவிட்டது. பக்கத்து நாற்காலியில் இருந்த நறுமுகைக்கும் புரிந்திருக்கும். அவள் கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். உங்க வீடு நல்லா இருக்கு, வருமானம் போதும், உடம்புலயும் ஒரு குறை இல்ல. வீட்டுக்கு வந்து பாத்துட்டு நான் எழுதினதெல்லாம் உங்களுக்குச் சாதகமாத்தான் எழுதியிருக்கேன். முன்னோட்டம் பாக்கற மெஷின்தான் ஒத்துக்க மாட்டேங்குது."

"ஏன்னு கேக்கலாமா?"

ஜெசிந்தா கொஞ்சம் தயங்கினார். "இன்னும் பத்து வருஷத்துக்குள்ள நீங்க ரெண்டு பேரும் பிரிஞ்சுடுவீங்கன்னு சொல்லுது."

இளம்பரிதிக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அது சிரிப்பு இல்லை என்று அவனுக்கே தெரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவனும் நறுமுகையும் போடாத சண்டையா? ஒரு தடவை மிக்ஸி மூடிக்காக இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறார்கள். ஆனால் அதையெல்லாம் எந்த இயந்திரத்திடமும் அவர்கள் சொன்னதில்லை.

"மேடம், நான் கண்ணாடிக் கடை வச்சிருக்கேன். ஒருத்தருக்குப் பவர் பாக்கணும்னாக்கூட, இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கான்னு அவரைக் கேட்டுத்தான் கண்ணாடி போடுறோம். உங்க மெஷின் எங்களை ஒரு வார்த்தை கேக்கலையே?"

"அது கேக்காது சார். உங்க வேலை, வீடு மாறினது, ஆஸ்பத்திரிக்குப் போனது, எத்தனை வருஷம் குழந்தைக்காக வைத்தியம் பாத்தீங்க, அதுல எத்தனை தடவை தோத்துப்போச்சு, எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு உங்க வாழ்க்கையை ஆயிரக்கணக்கான தடவை முன்னாடி ஓட்டிப் பாக்குது. நிறைய தடவை பிரியறதா முடிஞ்சா வேண்டாம்னு சொல்லிடுது."

"இதை வச்சா முடிவு பண்றீங்க?"

"முன்னாடி நாங்க மனுஷங்கதான் முடிவு பண்ணினோம்." ஜெசிந்தாவின் குரல் இறங்கியது. "ஆசையா கூட்டிட்டுப் போவாங்க. ஆறு மாசத்துல திருப்பிக் கொண்டாந்து விடுவாங்க. எங்களுக்குள்ள சரியில்ல, இந்த நேரத்துல குழந்தை வேண்டாம்னு. பெத்தவ ஒரு தடவை விட்டுட்டுப் போன பிள்ளை சார். ரெண்டாவது தடவையும் வாசல்ல நிக்கும்போது அதோட மூஞ்சியைப் பாத்தவ நான். அதனாலதான் இந்த மெஷின் வந்தப்ப வேணும்னு நானே கையெழுத்துப் போட்டேன்."

அதற்கு மேல் அவரிடம் கோபப்பட முடியவில்லை. அதுவே எரிச்சலாக இருந்தது. கோபப்பட ஒரு மோசமான ஆள் கிடைத்திருந்தால் தேவலாம்.

நறுமுகை கேட்டாள்: "கல்யாணம் ஆகாம தனியா ஒருத்தி வந்து கேட்டா?"

"தனியா இருக்கற பொண்ணுங்களுக்குக் குடுக்கறோமே. அவங்களுக்கு மதிப்பெண் நல்லாவே வருது."

"எப்படி?"

ஜெசிந்தா சொல்லிவிட்டுத் தான் சொன்னதை நினைத்துத் தானே கொஞ்சம் சங்கடப்பட்டார். "பிரியறதுக்கு ஆள் இல்லையே மேடம்."

நறுமுகை கே.கே. நகர் வீட்டின் கதவைத் திறந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். "நாம பிரிஞ்சுடலாம்."

"என்ன பேசற நீ?"

"கோர்ட்டுலதான். பேப்பர்லதான். எனக்குக் குழந்தை வந்து, இணைப்பகத்துலேருந்து வந்து பாக்கற ரெண்டு வருஷம் முடிஞ்சதும் மறுபடி பண்ணிக்கலாம். யாருக்கு என்ன நஷ்டம்?"

அவன் ஒரு வாரம் முடியாது என்றான். அதற்கப்புறம் முடியாது என்று சொல்வதை நிறுத்தினான். ஊசி, மாத்திரை, காத்திருப்பு, மறுபடி ஊசி என்று அவள் உடம்பு பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்தவன் அவன். இந்த ஒன்றையாவது அவன் தூக்கிச் சுமக்கலாம் என்று பட்டது.

குடும்ப நீதிமன்றத்தில் ஆலோசகராக இருந்த பெரியவர் அவர்களை இரண்டு தடவை உட்காரவைத்துப் பேசினார். நறுமுகைக்கு விக்கல் வந்தபோது இளம்பரிதி எழுந்துபோய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தான். "இவ்வளவு மரியாதையாப் பிரியறவங்களை நான் பாத்ததே இல்லப்பா" என்றார் அவர். இருவரும் தரையைப் பார்த்தார்கள். தீர்ப்பு வந்த அன்று மத்தியானம் ஒரே ஹோட்டலில் எதிரெதிராக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

இளம்பரிதி புத்தூரில் கடைக்கு மேலே இருந்த அறைக்குக் குடிபோனான். கண்ணாடிச் சட்டங்கள் வந்த அட்டைப்பெட்டிகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு ஒரு கட்டிலைப் போட்டுக்கொண்டான். கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற சகாயராஜ் ஒரு கேள்வி கேட்கவில்லை. மறுநாளிலிருந்து தன் வீட்டிலிருந்து இரண்டு சாப்பாட்டு டப்பாவாகக் கொண்டுவர ஆரம்பித்தான்.

தனியாக விண்ணப்பித்த நறுமுகைக்கு முன்னோட்டம் தொண்ணூறுக்கு மேல் போட்டது. அதற்குப் பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தார்கள். அதற்கப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை, தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு இல்லத்திலிருந்து ஓவியா வந்தாள். மூன்று வயது. ஒட்ட வெட்டிய முடி. முதல் சில வாரங்கள் பேசவே இல்லை. கொடுக்கிற பிஸ்கட்டில் பாதியைத் தின்றுவிட்டு மீதியைத் தலையணை உறைக்குள் போட்டுவைத்தாள். நறுமுகை திட்டவில்லை. அது நமுத்துப்போனால் எடுத்துவிட்டு யாருக்கும் தெரியாமல் புது பிஸ்கட்டை உள்ளே வைத்தாள். ஒரு நாள் ஓவியா தானாகவே உறையைத் திறந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து நறுமுகையின் வாயில் ஊட்டினாளாம்.

இதையெல்லாம் இளம்பரிதி போனில்தான் கேட்டான்.

ஜெசிந்தா எந்த நாளிலும் சொல்லாமல் வீட்டுக்கு வரலாம். அதனால் அவன் பார்க்கில் வந்து பார்த்தான். கடைக்குக் கூட்டிவரச் சொல்லி அங்கே பார்த்தான். ஓவியாவுக்கு அவன் 'கண்ணாடி மாமா'. சின்ன சட்டம் ஒன்றில் வெறும் கண்ணாடியை மாட்டிக் கொடுத்தான். அதைப் போட்டுக்கொண்டு கடையில் வருகிற எல்லோரையும் "உங்க பேரு என்ன, வயசு என்ன" என்று விசாரித்தாள். அவள் கிளம்பிப் போன பிறகு கடை ஒரே அமைதியாக இருக்கும். சகாயராஜ் ரேடியோவைப் போடுவான்.

டெங்கு வந்து ஓவியாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அவன் ஓடினான். வாசலில் நர்ஸ் தடுத்தாள். "பாப்பாவுக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்டாள். வாயில் வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, "தெரிஞ்சவங்க" என்றான். "அப்ப கீழ உக்காருங்க. அம்மா மட்டும்தான்." இரண்டு நாள் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பழச்சாறு வாங்கி வாட்ச்மேனிடம் கொடுத்து அனுப்பினான். அது மேலே போய்ச் சேர்ந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

அதைவிட மோசமானது பள்ளிக்கூட விஷயத்தில் நடந்தது. அவன் ஒரு பள்ளியை விசாரித்துவைத்திருந்தான். நறுமுகை அவனிடம் சொல்லாமல் வேறொன்றில் சேர்த்துவிட்டாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"தினம் காலையில அவளை எழுப்பி, குளிப்பாட்டி, கிளப்பறது நான். எது பக்கத்துல இருக்கோ அதுல சேத்தேன். எல்லாத்துக்கும் உங்களுக்கு போன் போட்டு, நீங்க யோசிச்சு... எனக்கு முடியலங்க."

"அப்ப நான் எதுக்கு?"

"எனக்குத் தெரியல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அசதியாகச் சொன்னாள். அவளுக்கு எல்லாவற்றையும் தனியாக முடிவுசெய்து பழகிப்போயிருந்தது. அவனுக்கு அவளிடம் என்ன பேசுவது என்பது மறந்துகொண்டிருந்தது. அன்று அறைக்குத் திரும்பிக் கட்டிலில் கிடந்தபோது முதல் தடவையாக அவனுக்குப் பயம் வந்தது. அந்த இயந்திரம் பத்து வருஷம் என்றது. இவர்கள் மூன்று வருஷத்திலேயே முடித்துவிடுவார்கள் போலிருந்தது.

அந்த மழைக்காலத்தில்தான் சகாயராஜுக்கு இல்லை என்று வந்தது.

அவனும் அவன் மனைவி லூர்து மேரியும் விண்ணப்பித்திருந்தது இளம்பரிதிக்குத் தெரியும். அமைதியான ஜோடி. எதையும் சத்தமாகக் கேட்காதவர்கள். சகாயராஜ் தேய்ப்பு மிஷினை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றான்.

"பிரிஞ்சுடுவோமாம்ணே."

"யாரு, நீங்களா?"

"போன வருஷம் முதல்ல பாத்தப்பப் பரவால்லன்னு சொன்னாங்க. காத்திருங்கன்னாங்க. இப்ப மறுபடி ஓட்டிப் பாத்துட்டு ஆகாதுன்னுட்டாங்க. எங்க வீட்டுல ஒண்ணுமே மாறலண்ணே. அதே வேலை, அதே வீடு." பிறகு இளம்பரிதியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "நீங்க செஞ்ச மாதிரி செய்யலாம்னு லூர்துகிட்ட சொன்னேன். ஒத்துக்க மாட்டேங்கறா. கோயில்ல கட்டினதைக் கோர்ட்டுல அவுக்க முடியாது, பொய்யாக்கூட முடியாதுன்னுட்டா. அப்படி ஒரு குழந்தை வந்தா அது மூஞ்சில எப்படி முழிக்கறதுன்னு கேக்கறா."

இளம்பரிதி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நேராக இணைப்பகத்துக்குப் போனான்.

ஜெசிந்தா கேட்டுக்கொண்டார். அவர் முகமும் ஓய்ந்துபோயிருந்தது.

"அது எங்கேருந்து மேடம் கத்துக்குது? ஒண்ணுமே மாறாத வீட்டுக்கு எப்படி மதிப்பெண் மாறும்?"

"நடந்ததுலேருந்துதான் கத்துக்குது சார். யாருக்குக் குழந்தை குடுத்தோம், யாருக்குக் குடுக்கல, அப்புறம் அவங்க சேர்ந்து இருந்தாங்களா பிரிஞ்சாங்களா. மூணு மாசத்துக்கு ஒரு தடவை கோர்ட்டுலேருந்து தகவல் வரும். அதை உள்ள போடுவாங்க."

"குடுக்காதவங்க?"

"அவங்கதான் நிறைய பிரியறாங்க. இப்ப ரெண்டு மூணு வருஷமா இன்னும் கூடிப்போச்சு. நாங்க இல்லைன்னு சொன்ன ஜோடிங்க வரிசையாக் கோர்ட்டுக்குப் போறாங்க. பாத்தியா, நான் சொன்னது நடந்துடுச்சுன்னு அது இன்னும் கொஞ்சம் கண்டிப்பாயிடுது. போன வருஷம் தேறினவங்க இந்த வருஷம் தேறல."

சுவரில் மின்விசிறி கடகடத்தது. அவன் மெதுவாகக் கேட்டான். "எங்க விவாகரத்து?"

"அதுவும் உள்ளதான் இருக்கு."

"அது பொய்யின்னு சொன்னா?"

ஜெசிந்தா எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "சார், நீங்க ஒண்ணும் சொல்லல. நான் ஒண்ணும் கேக்கல. பொய் சொல்லி வாங்கின குழந்தையைத் திருப்பி எடுக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்றவ நான் இல்ல. அதுக்கு மேல ஆள் இருக்காங்க. அவங்க ஓவியாவைப் பாத்ததுகூடக் கிடையாது."

அவன் நறுமுகையிடம் சொன்னான். பார்க்கில், ஓவியா சறுக்குமரத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது சொன்னான். நறுமுகையின் முகம் இறுகிவிட்டது.

"நீங்க போய் யார்கிட்டயாவது வாயத் திறந்தீங்க, அப்புறம் நிஜமாவே பிரிவுதான்."

"சகாயராஜ் தினம் என் பக்கத்துல உக்காந்து வேலை பாக்கறான் முகை. அவனுக்குக் கிடைக்காமப் போனது நம்மாலதான்."

"நம்மாலயா? அந்த மெஷினாலன்னு சொல்லுங்க. ஓவியா மறுபடி ஒரு இல்லத்து வாசல்ல போய் நிக்கணுமா? உங்களால பாக்க முடியுமா அதை?"

முடியாது. அவன் சத்தியம் செய்துகொடுத்தான். வாயைத் திறக்கமாட்டேன் என்றான்.

இரண்டு வருஷக் கண்காணிப்புக் காலம் முடிந்தது. ஓவியாவின் தத்து உறுதியானது. அடுத்த மாதம் அவர்கள் பதிவு அலுவலகத்தில் மறுபடி கல்யாணம் செய்துகொண்டார்கள். சகாயராஜும் லூர்து மேரியும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். லூர்து மேரி ஒரு முழம் மல்லிகை வாங்கி வந்திருந்தாள். அதை நறுமுகையின் தலையில் வைக்கும்போது அவள் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. இளம்பரிதியால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஓவியாவுக்குச் சட்டப்படி அப்பாவாக வேண்டுமானால் அவன் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். தாயின் புதுக் கணவன் என்ற முறையில் முன்னோட்டம் மறுபடி ஓடியது. இந்தத் தடவை ஜெசிந்தா திரையை அவர்கள் பக்கம் திருப்பினார்.

"தொண்ணூத்தி நாலு" என்றார். "முந்தின கணவரைவிட இவர் ரொம்பப் பொருத்தமானவர்னு எழுதியிருக்கு. பிரியறதுக்கு வாய்ப்பே இல்லைங்கற மாதிரி."

"ரெண்டு பேரும் ஒரே ஆள்னு அதுக்குத் தெரியாதா?"

"தெரியாது சார். சாதி பாக்கக் கூடாது, மதம் பாக்கக் கூடாதுன்னு பேரு, ஊரு, அடையாளம் எல்லாத்தையும் எடுத்துட்டுத்தான் உள்ள போடறாங்க. நல்லதுக்குன்னுதான் செஞ்சாங்க. குழந்தை இருக்கற வீடுங்க அவ்வளவாப் பிரியறதில்ல. அதுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

நறுமுகை சிரித்தாள். இளம்பரிதி சிரிக்கவில்லை. இறுதி உத்தரவு வர ஒரு மாதம் ஆகும் என்றார் ஜெசிந்தா.

அந்த மாதத்தில்தான் சகாயராஜின் மேல்முறையீடு விசாரணைக்கு வந்தது. மூன்று பேர் கொண்ட குழு. கடை முதலாளி என்ற முறையில் சகாயராஜுக்காக நல்ல வார்த்தை சொல்ல இளம்பரிதியைக் கூப்பிட்டிருந்தார்கள். அவன் சொன்னான். நேர்மையானவன், பத்து வருஷமாகத் தெரியும், மனைவியிடம் குரல் உயர்த்திக் கேட்டதில்லை. சொல்லச் சொல்ல ஒவ்வொரு வார்த்தையும் சப்பென்று விழுந்தது. குழுத் தலைவி நல்லவிதமாகவே கேட்டுக்கொண்டார்.

"நீங்க சொல்றதையெல்லாம் நாங்க நம்பறோம். ஆனா முன்னோட்டம் சொன்னா அது பெரும்பாலும் நடந்திருக்கு. அது வேண்டாம்னு சொன்ன ஜோடிகள்ல எத்தனை பேர் பிரிஞ்சிருக்காங்கன்னு பாத்தீங்கன்னா உங்களுக்கே புரியும். ஒரு குழந்தையோட வாழ்க்கையை வச்சு நாங்க சோதனை பண்ண முடியாது."

இளம்பரிதி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அவனிடம் பதில் இருந்தது. செய்துகொடுத்த சத்தியமும் இருந்தது. "சரிங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினான்.

பின்வரிசையில் நறுமுகை நின்றுகொண்டிருந்தாள். அவள் வருவதாகச் சொல்லவே இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓவியா, பள்ளிச் சீருடையோடு.

"நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள் நறுமுகை.

"நீங்க யாரும்மா?"

"அந்த மெஷின் பிரிஞ்சுடுவாங்கன்னு சொல்லி, பிரிஞ்ச ஜோடியில ஒருத்தி. எனக்கு இப்ப ரெண்டாவது கல்யாணம். முதல் புருஷனைவிட இவர் எவ்வளவோ மேல்னு அதே மெஷின் தொண்ணூத்தி நாலு போட்டிருக்கு." அவள் இளம்பரிதியைக் கை காட்டினாள். "என் முதல் புருஷனும் இவர்தான். நாங்க ஒரு நாளும் பிரியணும்னு நினைக்கல. குழந்தைக்காகப் பொய் சொன்னோம். அந்தப் பொய்யை வச்சுத்தான் இவங்களை வேண்டாம்ங்கறீங்க."

ஓவியா, "அம்மா, கால் வலிக்குது" என்றாள். குழுத் தலைவி அவளுக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார்.

வெளியே வந்ததும் இளம்பரிதி கேட்டான். "ஏன் முகை?"

"அந்த லூர்து எனக்குப் பூ வச்சுவிட்டாளே, அதான்" என்றாள் அவள்.

அடுத்து வந்த வாரங்கள் எப்படிப் போயின என்று அவனால் பிற்பாடு நினைவுகூர முடியவில்லை. வாசல் மணி அடித்தாலே நறுமுகை ஓவியாவைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். கடைசியில் உத்தரவு வந்தது. நீதிமன்றம் உறுதிசெய்த தத்தை ரத்து செய்ய இணைப்பகத்துக்கு அதிகாரம் இல்லை. ஓவியா நறுமுகையின் மகளாகவே இருப்பாள். ஆனால் உண்மையை மறைத்ததற்காக இளம்பரிதியின் விண்ணப்பம் தள்ளுபடி. ஐந்து வருஷத்துக்கு அவன் மறுபடி கேட்க முடியாது. வீட்டில் அவனை ஓவியா அப்பா என்று கூப்பிட ஆரம்பித்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அது எந்த அலுவலகத்திலும் செல்லாது.

சகாயராஜின் விண்ணப்பத்தை மறுபடி பார்ப்பதாகச் சொன்னார்கள். அதற்கு முன்னால் முன்னோட்டத்துக்குள் இருக்கிற பொய்ப் பிரிவுகளையெல்லாம் நீக்க வேண்டும். இப்படிச் செய்தவர்கள் தாங்களாக வந்து சொன்னால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்று அறிவித்து, ஒரு சனிக்கிழமையைக் குறித்தார்கள்.

இளம்பரிதியும் நறுமுகையும் வாக்குமூலம் கொடுக்கப் போனபோது கூடம் நிறைந்திருந்தது. ஐந்தாறு பேர் வந்தால் பெரிது என்று நினைத்துப் போயிருந்தார்கள். பெண்கள் ஒரு பக்கம் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் எதிர்ப்பக்கம் சுவரோரமாக நின்றார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒரு குழந்தை எதிரில் நின்ற ஆளைப் பார்த்து "மாமா" என்று கையசைத்தது. அந்த ஆள் வேறெங்கோ பார்த்தார். இத்தனை வருஷமாக அப்படித்தானே பழகியிருந்தார்கள்.

ஜெசிந்தா உள்ளே வந்து அந்தக் கூட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஒண்ணா வந்தவங்க ஒண்ணா உக்காருங்க" என்றார். "இனிமே பரவால்ல."

யாரும் அசையவில்லை. பிறகு வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் தயங்கித் தயங்கிக் கூடத்தைக் கடந்துபோய் ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த அம்மாள் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். அதன் பின் ஒவ்வொருவராக. நாற்காலிகள் இழுபடும் சத்தம். நறுமுகை இளம்பரிதியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

எல்லோரும் உட்கார்ந்த பிறகு ஜன்னல் ஓரத்தில் ஒரு பெண் மட்டும் தனியாக இருந்தாள். மடியில் ஒரு பையன் தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்து நாற்காலி காலி.

"உங்க வீட்டுக்காரர் வரலையாம்மா?" என்று கேட்டார் ஜெசிந்தா.

"அவரு இப்ப வேற கல்யாணம் பண்ணிக்கிட்டாரு மேடம்" என்றாள் அந்தப் பெண். "பொய்யாத்தான் பிரிஞ்சோம். தனித்தனியா இருந்து இருந்து அப்படியே ஆயிடுச்சு." பையன் தூக்கத்தில் புரண்டான். அவள் அவன் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "எங்களை எதுல மேடம் சேப்பீங்க? பொய்யிலயா, நிஜத்துலயா?"

ஜெசிந்தா காலியாக இருந்த அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.